பழைய ஜீப், உள்ளே துரு: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

வருடக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் நின்ற மகிந்திரா சி.ஜே.3பி ஜீப் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியாயிற்று. அடுத்து எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெங்களூரில் அல்சூர், ராமமூர்த்தி நகர் பக்கம் நண்பர்கள் வீட்டு ஜீப்புகளில் அதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

புதிதாகத் தொடங்குபவர் கண் போவது பாடியில் தெரியும் துருவின் மேல். வண்டியை நடுரோட்டில் நிறுத்துவது அந்தத் துரு இல்லை. பெட்ரோல் டேங்க்கின் உள்பக்கம், வீல் சிலிண்டரின் உள்பக்கம், எஞ்சினில் தண்ணீர் ஓடும் வழி, எர்த் கம்பி உட்காரும் இடம் என்று கண்ணுக்குப் படாத இடத்துத் துருதான் நிறுத்துகிறது. அதனால் பெயிண்ட் கடைசி வேலை. முதலில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும்.

நான் சொல்வது ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டிக்கு. பல ஜீப்புகளில் பின்னாளில் டீசல் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். அவர்கள் பிளக், கார்புரேட்டர் பகுதிகளைத் தாண்டிவிடலாம், மற்றதெல்லாம் பொருந்தும்.

## கை வைக்கும் முன்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அப்புறம் அடியில் போங்கள். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கு வேண்டவே வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் தனி டிரம்மாக இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் தூக்கவே கூடாது.

சக்கர நட்டு கழலவில்லை என்று பைப் போட்டு இழுப்பதற்கு முன் இடப்பக்கம் போல்ட் முனையைப் பாருங்கள். பல பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு லெஃப்ட் திரெட். போல்ட் நுனியில் ஆங்கில எல் எழுத்து பொறித்திருக்கும். அதை வழக்கமான திசையில் திருகினால் இறுகிக்கொண்டே போய் உடையும்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பெட்ரோல் வேலை செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். தூரத்தில் ஒரு மோட்டார் சுவிட்ச் போட்டாலே போதும். திறந்த வெளி, பக்கத்தில் தீயணைப்பான், பேட்டரி கழற்றி வைத்த வண்டி. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

## பெயிண்ட் கொப்பளிக்கிறது, தகடு ஓட்டையாகிறது

துரு எவ்வளவு ஆழம் என்பதுதான் முதல் கேள்வி. துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க நகர்த்துங்கள். கெட்டியாகப் பிடிக்கும் இடத்தில் தகடு இருக்கிறது. வழுக்கி விழும் இடத்தில் கனமாகப் பட்டி போட்டிருக்கிறார்கள். அதற்கடியில் பெரும்பாலும் ஓட்டைதான். அப்புறம் மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் டேங்க் உட்காரும் குழி, பக்கத்துச் சீட்டுக்குக் கீழே இருக்கும் டூல் பெட்டி, கால் வைக்கும் தளம், பின்மூலைகள், தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் தாங்கு சட்டங்கள் எல்லாம் தண்ணீர் தேங்கும் இடங்கள். சில பழைய பாடிகளில் அந்தச் சட்டத்துக்குள் மரக்கட்டை இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும்.

மேலாகப் பழுப்பு, தகடு கெட்டி: ஒயர் பிரஷ், 80 நம்பர் எமரி, பிறகு தின்னர் துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பு. பளபளவென்று இரும்பு தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். பெங்களூர் மழைக்காலத்தில் வெறும் தகட்டை ராத்திரி விட்டால் காலையில் மெல்லிய ஆரஞ்சுப் படலம் வந்திருக்கும். இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

குழி குழியாக இருக்கிறது, ஆனால் ஸ்க்ரூ டிரைவர் இறங்கவில்லை: பிரஷ் குழிக்குள் போகாது. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினால் துரு கறுப்பாக மாறி நிற்கும். அதற்கு மேல் எபாக்ஸி பிரைமர் அடிப்பதானால் கவனம்: அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி சரியாக இறுகாது. டப்பாவில் சொல்லியபடி கழுவி, காயவிட்டு, பிறகு அடியுங்கள். சாதாரண ரெட் ஆக்ஸைடு பிரைமர் மட்டும் அடித்து மாதக்கணக்கில் மழையில் விட்டால் ஈரம் அதை ஊடுருவி அடியில் மறுபடி துரு பிடிக்கும். பிரைமரோடு நிறுத்துவதென்றால் வண்டி கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிறது: வெட்டித்தான் ஆக வேண்டும். சிவாஜிநகரில் வயதான டிங்கர் ஒருவரிடம் ஒரு தளத்தைக் காட்டி, "பாய், இதுக்கு ஃபைபர் ஒட்டிப் பட்டி போட்டாப் போதாதா?" என்று கேட்டேன். "தம்பி, பட்டி ஒரு மழை தாங்கும். அடுத்த மழைக்கு உங்க காலே கீழ இறங்கும்" என்றார். அதுதான் நிஜம். நல்ல தகடு வரும்வரை வெட்டுங்கள், அட்டையில் அச்சு எடுங்கள், 18 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்பு ஷீட்டில் அதே அளவு வெட்டி மடக்குங்கள். இதுவரை வீட்டிலேயே செய்யலாம், கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும். வெல்டிங்கை டிங்கரிடம் விடுங்கள். மெல்லிய தகட்டை சாதாரண ஆர்க் வெல்டிங் பொத்துவிடும். மிக் அல்லது கேஸ் வேண்டும், அதுவும் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் வைத்தால் தகடு நெளிந்துவிடும்.

தளத்தை வெட்டுவதற்கு முன் இரண்டு பக்க ஏறும் வாயிலுக்கும் குறுக்கே ஆங்கிள் வைத்துத் தற்காலிகமாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். தளம் இல்லாத பாடி தன் எடையிலேயே விரிந்துவிடும். பிறகு விண்ட்ஷீல்டு சட்டமும் பானெட்டும் உட்காராது. டேங்க்கைக் கழற்றி வெகுதூரம் வைத்த பிறகுதான் வெல்டிங் தொடங்க வேண்டும். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிட காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே இருப்பது ஆவி.

சேஸிஸில் துரு: சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் டொப்பென்று கேட்கும். ஸ்பிரிங் ஹேங்கர்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடம், பின் குறுக்குச் சட்டம் மூன்றையும் விடாமல் பாருங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க, நான்கு ஸ்பிரிங் ஹேங்கர்களிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு அளவும் 5, 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் சேஸிஸ் கோணியிருக்கிறது. ஹேங்கர் பக்கத்தில் அரித்திருந்தாலும், அளவு தப்பினாலும் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. சேஸிஸ் வேலை தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கீல், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைத்து பேட்டரி சார்ஜரால் துரு நீக்கலாம். சாமானுக்கு மைனஸ், ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு பிளஸ். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். ஸ்பிரிங் பிளேட், ஹை டென்சில் போல்ட் இதில் போட வேண்டாம். இரும்பு மொறுமொறுப்பாகி உடையும்.

## செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றவில்லை

மல்ட்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ்.

பேட்டரி சரி, டக்கென்று சத்தம் மட்டும்: எர்த். பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கு வரும் கம்பி துருவின் மேல் உட்கார்ந்திருக்கும், பெயிண்ட் அடித்தவர்கள் அதன் மேலேயும் அடித்திருப்பார்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. கழற்றி, பளபளவென்று தேய்த்து, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தனி எர்த் பட்டையும் போட்டு இறுக்குங்கள். செல்ஃப் போய்விட்டது என்று, பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் புதிது தேடி அலையும் பாதிப்பேருக்கு இதுதான் கோளாறு.

எர்த்தும் சரி: சொலினாய்டு, அல்லது பழைய மாடலில் காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச். காண்டாக்ட் கரிந்திருக்கும். செல்ஃபைத் தனியாகக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் சோதிப்பது அடுத்த படி.

செல்ஃப் நல்லது, எஞ்சினே பிடித்திருக்கிறது: நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு முன்னால் ஹேண்டில் போட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். திருப்பி உதைத்தால் கை தப்பிக்கும். அசையவில்லை என்றால் ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயில் கொஞ்சம் ஊற்றி ஊற விடுங்கள். தினமும் ஒரு தடவை மிதமாக அசைத்துப் பார்த்தால் போதும். அவசரப்பட்டு செல்ஃப் அடித்தோ, இன்னொரு வண்டியால் இழுத்தோ சுற்ற வைத்தால் துருவேறிய ரிங் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். அசையத் தொடங்கினாலும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றி, கையால் சில சுற்று சுற்றிய பிறகுதான்.

ஹரிகேன் எஞ்சினில் இன்டேக் வால்வு ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கின்றன. சைலன்சர் வழியாக ஏறும் ஈரம் நேராக எக்ஸாஸ்ட் வால்வைத் தொடும். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் இல்லை என்றால் அங்கே ஒரு வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளாக்கின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் தெரியும். வாரக்கணக்கில் ஊறியும் எஞ்சின் அசையவே இல்லை என்றால் ஹெட்டைத் திறக்க வேண்டும். எஞ்சின் மெக்கானிக்கையும் லேத் பட்டறையையும் பார்க்கும் கட்டம் அது.

## எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

தீப்பொறியா பெட்ரோலா என்று முதலில் பிரியுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியிலேயே மாட்டி, உலோகப் பகுதி பிளாக்கைத் தொடும்படி வைத்து சுற்றச் சொல்லுங்கள். கழற்றிய ஓட்டையிலிருந்து தள்ளி, பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து இருக்கிறது: டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து சி.பி. பாயிண்டை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்) பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பாயிண்ட் முனையில் சாம்பல் நிறப் படலம் இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மின்சாரம் போகாது. மெல்லிய எமரியால் இரண்டு இழுப்பு, பிறகு தின்னர் தொட்ட தாள். பாயிண்ட் முனைகள் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். அடுத்து மூடியில் விரிசல், ரோட்டர், கண்டென்சர், கடைசியில் காயில். பழைய பெட்டியில் கிடைக்கும் கண்டென்சரை நம்பாமல் புதிதாகவே போடுங்கள், விலை குறைவுதான்.

பொறி நீலமாக நன்றாக இருக்கிறது, பின்னால் டுமீல் என்று வெடிக்கிறது: பிளக் கம்பிகள் மாறியிருக்கின்றன. வரிசை 1-3-4-2. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து அந்தத் திசையில் மாட்டுங்கள்.

பொறி சரி, பிளக் காய்ந்திருக்கிறது: பெட்ரோல் வரவில்லை. ஏ.சி. பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் டேங்க்கிலிருந்து பம்ப் வரை அடைப்பு. அடியில் செம்பழுப்புப் பொடி தங்கியிருந்தால் டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் ஜெட் திரும்ப அடைக்கும். டேங்க்கை இறக்குங்கள், மிச்சத்தை வடித்துவிடுங்கள், சோப்பு நீரில் பலமுறை கழுவுங்கள், ஒரு முழம் சங்கிலியும் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். பிறகு பாஸ்பாரிக் கரைசல், கழுவல், உடனே உலர்த்தல். ஊசி முனை ஓட்டைகள் தெரிந்தால் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகாமல், ரேடியேட்டர், டேங்க் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள். அடி முழுக்க அரித்திருந்தால் புது டேங்க் வாங்குவதுதான் மலிவு.

## ஸ்டார்ட் ஆகிறது, சிறிது தூரத்தில் அணைந்துவிடுகிறது

அணைந்த அந்த நிமிடமே பானெட்டைத் திறக்க வேண்டும், ஆறவிட்டால் தடயம் போய்விடும். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறதா?

கிண்ணம் காலி: டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசியால் தீரும் கோளாறு. இல்லையென்றால் ஃபில்டர், அப்புறம் ரப்பர் ஹோஸ், அப்புறம் பம்ப் டயாஃப்ரம். இப்போது பங்க்குகளில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் உப்பி மெத்தென்று ஆகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நின்ற டேங்க்கின் துருவையும் கிளப்பிவிடும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கில் பாதி பெட்ரோலோடு விடாதீர்கள்.

கிண்ணம் நிறைந்திருக்கிறது: மின்சாரக் கோளாறு. சூட்டில் கெடும் கண்டென்சர் முதல் சந்தேகம், காயில் இரண்டாவது. காயிலைத் தொட முடியாத அளவு கொதித்தால் அதையே மாற்றிப் பாருங்கள்.

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மட்டும் அணைகிறது, ஆறினால் ஓடுகிறது: பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். சூட்டில் உள்ளே ஆவியாகி அடைக்கும். குழாயை நகர்த்தி, நடுவே ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள்.

இன்னொன்று அவசியம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் கம்பியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்து, அளவும் கூடியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. எஞ்சினை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பம்ப் மாற்றி, ஆயில் மாற்றாமல் மறுபடி ஓட்டக் கூடாது.

## தண்ணீர் கொதிக்கிறது

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். திறந்த தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்பது முக்கியம். மூடி, பெல்ட் தளர்வு, ரேடியேட்டர் இடுக்கில் சேறு, தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பாருங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் காரணம் தண்ணீர்தான். வீட்டு போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருப்பார்கள். வாளியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். அதோடு பிளாக்கின் துரு சேர்ந்து சேறாகும். ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயில் ஹோஸ் வைத்து மேலே வரும்படி எதிர்த்திசையில் அலசுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு பிளாக்கையும் அப்படியே. தண்ணீர் தெளிந்த பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும். அலசும்போது பிளாக் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு பிளக்குகளிலிருந்து கசிவு தொடங்கலாம். துருதான் இதுவரை அடைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரில் விடாமல் குமிழி, ஆயில் பால் காபி நிறம், பின்னால் வெள்ளைப் புகை: மூன்றில் எது விடாமல் தெரிந்தாலும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம். நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## பிரேக் பெடல் கீழே இறங்குகிறது

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். இந்தப் பகுதி தீராமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம், அடுத்த தெருவுக்குக்கூட.

பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டு தடவை மிதித்தால் மேலே வருகிறது: ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகும். டிரம்மைத் திறந்தால் பழைய லைனர் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறது: லைனில் காற்று. தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி பிளீட் செய்யுங்கள், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். செய்த சில நாளில் திரும்ப அமுங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறது: வெளியே ஒழுகல் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர். அது டிரைவர் காலுக்கு அடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. சேறும் தண்ணீரும் நேராக அதன் மேல்தான். தளத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்துதான் பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும். சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் அத்தனையும் உள்ளே விழும்.

ஒரு பக்கம் இழுக்கிறது: ஒரு வீல் சிலிண்டர் துருவில் பிடித்திருக்கிறது, அல்லது ஆக்சில் சீல் ஒழுகி லைனர் எண்ணெயில் நனைந்திருக்கிறது. ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் குழி போடும். விரலை விட்டுத் தடவினால் நகத்தில் மாட்டும் குழி இருந்தால் ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றுவது) செய்து பயனில்லை. புது சிலிண்டர், அல்லது லேத்தில் ஸ்லீவ்.

எல்லா ரப்பர் ஹோஸையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில் துரு உரிந்தால் முழு நீளமும் புதுசு போட வேண்டும். ஏ.சி.க்கு வரும் செம்புக் குழாயை வளைத்துப் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அதிர்வில் செம்பு இறுகிக் கீறல் விடும். ஆயில் டாட் 3 மட்டும். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் உப்பும். குழாய் முனை மடிப்பையும் கடைசிச் சோதனையையும் பிரேக் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு மதிப்பே இல்லை.

## 50, 60 வேகத்தில் ஸ்டீயரிங் வெடவெடவென்று உதறுகிறது

டயரிலிருந்து தொடங்குங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். நின்றே பழுதான டயர் வட்டமாகவே இருக்காது. காற்று, பாலன்ஸ் சரியென்றால் ஒருவரை ஸ்டீயரிங்கை இடவலமாக அசைக்கச் சொல்லி, நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள்: டை ராட் எண்டுகள், டிராக் லிங்க், நடுவே இருக்கும் பெல் கிராங்க், ஷேக்கிள் புஷ். பெல் கிராங்க் ஆட்டம் இந்த ஜீப்புகளுக்கே உரிய வியாதி. அதன் கிட் ஜே.சி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? வீல் பேரிங்கை இறுக்கியும் போகவில்லை என்றால் கிங் பின். அதன் ஷிம் அளவும் ஸ்டீயரிங் பாக்ஸ் வேலையும் ஃப்ரன்ட் ஆக்சில் தெரிந்த மெக்கானிக்குக்கு. ஸ்டீயரிங் பாகம் எதையும் வெல்டு வைக்க விடாதீர்கள்.

## விளக்கு மங்கல், ஹார்ன் முனகல்

பேட்டரி மைனஸிலிருந்து ஒரு கம்பியை விளக்கின் உலோக உடம்பில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் மறுபடி எர்த்துதான், துருவைத் தேய்த்து இறுக்குங்கள். துணி சுற்றிய பழைய ஒயர் உதிர்கிறது என்றால் ஒட்டுப் போடாமல் முழு ஒயரிங்கையும் மாற்றி ஃபியூஸ் பெட்டி வையுங்கள்.

## ஃபோர் வீல் டிரைவ் விழவில்லை

லீவர் மூட்டில் துரு. எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பெரும்பாலும் வரும். விழுந்த பிறகு எடுக்க முடியவில்லை என்றால் காய்ந்த தார் ரோட்டில் போட்டு வளைத்திருப்பீர்கள். ரிவர்சில் கொஞ்சம் போனால் விடும். மண், சேறு தவிர வேறெங்கும் போட வேண்டாம்.

## சேஸிஸ் எண் தெரியவில்லை, ஆர்.சி. தேதி முடிந்துவிட்டது

எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர், ஒயர் பிரஷ், ரஸ்ட் கன்வெர்ட்டர் எதுவும் படக் கூடாது. மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், பொறுமை. காய்ந்ததும் சாக்பீஸைத் தேய்த்து ஓரத்தில் டார்ச் அடித்தால் எழுத்து எழும்பும். தெரிந்ததை பென்சிலால் தாளில் அச்செடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எழுத்து அழிந்தே போயிருந்தால் நீங்களாகப் பொறிக்கக் கூடாது. ஆர்.டி.ஓ. அனுமதியோடுதான் மறுபடி பொறிக்க வேண்டும்.

15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஃபிட்னஸ் சோதனையோடு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் 2021-இல் வந்த வின்டேஜ் விதியும் உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் ₹20,000, பத்து வருடம் செல்லும், அடுத்த புதுப்பிப்புக்கு ₹5,000. ஆனால் வின்டேஜ் பதிவில் வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று அதற்குள்தான். எஞ்சின், பாடி, சேஸிஸ் மாற்றிய வண்டிக்கு அது கிடைக்காது. டீசல் எஞ்சின் இருந்து ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே எழுதியிருந்தால், ஒரு ஸ்பானரைக்கூடத் தொடுவதற்கு முன் ஆர்.டி.ஓ.வில் அதை விசாரித்துவிடுங்கள்.